பின்கழுத்தில் பட்ட காற்று

1

கண்ணுங்களா, இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்து எழுதுகிற வயசு எனக்கு இல்லை.

(பாதி பொய். ஒளித்துவைத்துத்தான் பதினைந்து வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஆனால் இந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.)

போன ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலை வந்திருந்தாள். ஞாயிறு தவறாமல் அடி அண்ணாமலையிலிருந்து என் வீட்டுக்கு வருவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வாரம் எழுதியதை நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஃபேனை அணைப்பாள். "நீ எழுந்துக்காதக்கா, சுவிச்ச நான் பாத்துக்கறேன்" என்பாள். என் காகிதங்கள் பறந்துவிடக் கூடாதாம். பிறகு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு எனக்காக எதையாவது ஆய்ந்தோ உரித்தோ கொடுத்தபடி கேட்பாள்.

அன்றைக்கு மொச்சை. ஜன்னல் வழியாக மழைக்காற்று ஒரு வீச்சு உள்ளே வந்து அவள் முதுகுப் பக்கம் அடித்தது. இடது கையிலிருந்த மொச்சை தரையில் சிதறியது. நத்தை கொம்பை இழுத்துக்கொள்வதுபோல அந்தக் கை முந்தானைக்குள் போய்விட்டது.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"இன்னாக்கா நிறுத்திட்ட? அந்தப் பொண்ணு கெணத்தாண்ட போனா, அப்பால?"

அப்பால என்ன ஆயிற்று என்று எனக்கே மறந்துவிட்டது. கிணற்றடியில் நிற்கும் அந்தப் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு இந்தக் கதைக்கு வந்திருக்கிறேன்.

2

எப்படி ஆரம்பிப்பது?

முதல் ஆரம்பம்: 1974ஆம் வருஷம், தீபத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஹபீப் முகம்மது நடத்திவந்த அச்சகத்தில், பாஞ்சாலை என்கிற இருபத்தெட்டு வயசுப் பெண்ணின் இடது கை டிரெடில் மிஷினில் மாட்டிக்கொண்டது.

இது செய்தித்தாள்காரன் எழுதுவது. கை மாட்டிக்கொண்டது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் உங்களுக்குப் பயம் எங்கிருந்து வரும்? ஆனாலும் விட்டுவைக்கிறேன். யார், எங்கே, எப்போது என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே.

இரண்டாம் ஆரம்பம்: டிரெடில் மிஷினுக்கு ஒரு வாய் உண்டு. கீழே மிதியை மிதித்தால் பக்கத்திலிருக்கும் பெரிய சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால் வாய் திறக்கும், மூடும். திறக்கிற நேரத்தில் வலது கை வெள்ளைத் தாளை உள்ளே வைக்க வேண்டும், இடது கை அச்சான தாளை வெளியே எடுக்க வேண்டும். மூடுவதற்குள் இரண்டு கையும் வெளியே வந்துவிட வேண்டும். பாஞ்சாலை நிமிஷத்துக்கு இருபது தாள் போடுவாள். தாள் கோணலாக விழுந்தால் கையை விட்டுச் சரிசெய்யக் கூடாது. பக்கத்தில் இருக்கும் லீவரைத் தள்ள வேண்டும். தள்ளினால் வாய் முழுசாக மூடாமல் விலகி நிற்கும்.

இது நன்றாக இருக்கிறது. இதை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் ஆரம்பம்: அன்று காலை மழை ஈரத்தில் பசை காயவில்லை என்று, காகிதம் மடிக்கிற சரசு எழுந்து போய் சுவிட்...

வேண்டாம். சரசு எதற்கு இந்தக் கதையில்? மூலையில் உட்கார்ந்து காகிதம் மடித்தாள், விபூதிப் பொட்டலத்துக்கு உறை ஒட்டினாள். அவ்வளவுதான் அவள் வேலை. இரண்டாம் ஆரம்பத்திலிருந்தே போவோம்.

3

பாஞ்சாலைக்கு ஒரு கணக்கு இருந்தது. அவள் வீடு மலைக்கு மேற்கே. வேலை மலைக்குக் கிழக்கே. காலையில் மலையை வலது கைப்பக்கம் வைத்து வடக்கு வழியாக வருவாள். சாயங்காலம் அதே வலது கைப்பக்கம் வைத்துத் தெற்கு வழியாகத் திரும்புவாள். வேலைக்குப் போய் வந்தாலே ஒரு கிரிவலம். "ஊர்ல எல்லாம் பௌர்ணமிக்கு பௌர்ணமி சுத்தறாங்க, நான் சம்பளம் வாங்கிக்கினு சுத்தறேன்" என்று சிரிப்பாள்.

அந்த விபத்துக்கு முந்தின சாயங்காலம் நல்ல மழை. வடக்குப் பக்கமாக ஒரு மாட்டுவண்டி போயிற்று. கூப்பிட்டார்கள், ஏறிக்கொண்டாள். வண்டி பாதி தூரம் போனபிறகுதான் பார்த்தாள்: மலை இடது கைப்பக்கம் இருந்தது. சாமியைத் தப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். இறங்கலாமா என்று நினைத்தாள். மழை இறங்கவிடவில்லை.

மறுநாள் காலை அச்சகத்தில் கரண்ட் இல்லை. அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் ஜாஸ்தி. டிரெடில் காலால் மிதிப்பதுதானே, கரண்ட் எதற்கு? தீபத் திருவிழா நோட்டீஸ் அவசரம். சிவப்பில் அண்ணாமலையார் படம் முந்தின நாளே அச்சாகியிருந்தது. அன்று அதே தாள்களை மறுபடி உள்ளே விட்டுக் கறுப்பில் எழுத்து அடிக்க வேண்டும். ஆக, அவள் வலது கைப்பக்கம் அடுக்கியிருந்த ஒவ்வொரு தாளிலும் சாமி இருந்தது.

முன்னறையில் ஹபீப் பாய் யாருக்கோ கல்யாணப் பத்திரிகைக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மழைச் சாரலுக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். மிஷின் சத்தம் மட்டும்.

அப்போது பாஞ்சாலையின் பின்கழுத்தில் ஜில்லென்று ஒரு காற்று பட்டது.

சாத்திய அறைக்குள் காற்று. அவள் திரும்புவதற்குள் மேல் தாள் ஒன்று எழும்பி, ஒரு சுற்று சுற்றி, மிதியின்மேல் போய் விழுந்தது. கால் நிற்கவில்லை. அண்ணாமலையார் முகத்தின்மேலேயே மிதித்தது.

கால் பட்ட காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நம்மில் யாரால் இருக்க முடியும்? பிறந்த நாள் முதல் பழகிய கை. மூளையைக் கேட்டுக்கொண்டா போகிறது? வலது கை லீவருக்குப் போகாமல் கீழே போயிற்று. உடம்பு அதன் கூடவே குனிந்தது. விரல் நுனி காகிதத்தைத் தொட்டுக் கண்ணுக்கு வந்தது.

இடது கை அச்சான தாளைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தது.

காலை எடுத்துவிட்டாள்தான். ஆனால் சக்கரத்துக்கு அது தெரியாது. சுற்றிய வேகத்தில் அது இன்னொரு சுற்று வரும்.

4

அடுத்து வருவதை எழுதிக் கிழித்துவிட்டேன். இரண்டு பக்கம். ஹபீப் பாய் ஓடிவந்து சக்கரத்தைப் பின்பக்கமாகத் திருப்பியதும், அந்தச் சத்தமும் உங்களுக்கு வேண்டாம். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலின் முதல் கணு போயிற்று. நடுவிரலையும் மோதிர விரலையும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். காப்பாற்றிய விரல்கள் குச்சி மாதிரி விறைத்து நின்றன.

கை போனதுகூட அவளுக்கு அவ்வளவு பயம் தரவில்லை. அந்தக் காற்றுதான்.

அவள் புருஷன் சின்னசாமி கெட்டவன் இல்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆறுதலாகத்தான் சொன்னான்:

"தப்பா சுத்திக்கினு வந்த. மறுநா அவர் மூஞ்சிமேலயே கால வெச்ச. கேட்டுட்டாரு. வெரலோட விட்டாரேன்னு கும்புட்டுக்கோ."

"காத்து வந்துச்சுய்யா. கதவு சாத்திக்கினு இருந்துச்சு. கரண்டும் இல்ல. பின்கழுத்துல யாரோ ஊதின மாதிரி வந்துச்சு."

"அதான் சொல்றேன். மலையிலேந்து வந்துருக்குது."

அவள் கழுத்தில் முந்தானையைச் சுற்றிக்கொண்டாள்.

* இந்த இடத்தில் ஒரு குறிப்பு. சின்னசாமி சொன்னது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சரசு அந்தக் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். இந்தச் சரசுவை எத்தனை தரம் துரத்தினாலும் ஏதாவது ஒரு மூலையில் வந்து நின்றுகொள்கிறாள்.

5

வாரா வாரம் புதன்கிழமை போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு பஸ். கொட்டை பிடுங்குகிற காலம் என்பதால் சின்னசாமியால் வர முடியாது. ஹபீப் பாய்தான் சொன்னார்: "சரசு, நீ கூடப் போய்ட்டு வா. உன் வேலைய நான் பாத்துக்கறேன்." ஆக, அவள் கதைக்குள் வந்துவிட்டாள். எனக்கு வேறு வழியில்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மாவின் பேர் ஆதிலட்சுமி. குண்டான உடம்பு, கணீரென்ற குரல். முதல் நாள் பாஞ்சாலை கையை முந்தானைக்குள் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள என்ன, கோழிக்குஞ்சா வெச்சிருக்கே? வெளிய எடு, பாப்போம்."

"பாக்க நல்லா இருக்காதுங்கம்மா."

"நான் என்ன பொண்ணா பாக்க வந்திருக்கேன்? எடும்மா."

கை வெளியே வந்தது. ஆதிலட்சுமி அதைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"இத நீ விருந்தாளி மாதிரி மடியில உக்கார வெச்சு உபசாரம் பண்றே. விருந்தாளி இல்ல, இது உன் கை. வேலை வாங்கணும்."

வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி எடுப்பார்கள். மெழுகு சட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். உரித்த பிறகு விரல்கள் கொஞ்சம் இளகியிருக்கும். அந்த நேரத்தில் களிமண்ணைப் பிசைய வேண்டும். அரிசிக்குள் கலந்த பட்டாணியைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்க வேண்டும். கயிற்றில் துணி கிளிப்புகளை மாட்டி மாட்டிக் கழற்ற வேண்டும். பாஞ்சாலைக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னாக்கா இது, சொப்பு வெச்சு வெளயாடற மாதிரி. இதுக்கா அம்மாந்தூரம் பஸ் ஏறி வரோம்?"

ஆனால் மாசி மாதத்தில் ஒரு நாள் வீட்டில் தன்னை அறியாமல் இடது கையால் செம்பைத் தூக்கிவிட்டாள். தூக்கிய பிறகுதான் பார்த்தாள். பார்த்ததும் பயந்துபோய்க் கீழே வைத்துவிட்டாளாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு கண்வரைக்கும் வரவில்லை.

"மறுபடி என்ன வேலை செய்யணும் உனக்கு?" என்று ஆதிலட்சுமி கேட்டாள்.

"மிஷின்ல தாள் போடணும்."

"வேற வேலை பாக்கறியா? ஆஸ்பத்திரியிலயே எழுதித் தருவாங்க, முதலாளிக்கு."

"வேணாங்கம்மா. தாள் போடறப்ப நான் பாட்டுக்கு ஓடற தண்ணி மாதிரி இருப்பேன். அந்த நேரத்துல எனக்கு ஒரு கஷ்டமும் ஞாபகம் வராது. அது வேணும் எனக்கு."

ஆதிலட்சுமி அதை மறக்கவில்லை. அடுத்த மாதம் போனபோது அறையில் ஒரு விசித்திரமான சாமான் இருந்தது. பழைய தையல் மிஷினின் மிதி. அதோடு இணைத்த இரண்டு பலகைகள். மிதித்தால் பலகைகள் மெதுவாகத் திறந்து மூடும். உள்பக்கம் முழுக்கக் கம்பளி ஒட்டியிருந்தது.

"இதுக்கும் வாய் இருக்கு. பல்லு மட்டும் இல்ல" என்றாள்.

முதல் வாரம் பாஞ்சாலை பக்கத்திலேயே போகவில்லை. இரண்டாவது வாரம் மிதித்தாள், கையை வைக்கவில்லை. மூன்றாவது வாரம் கை உள்ளே போயிற்று, கம்பளி மூடியது, கை வெளியே வந்தது. சரசுதான் அழுதாள். சித்திரையில் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தாள்.

அந்தச் சித்திரையில் வெயில் தாங்காமல் ஆயா ஒருத்தி உள்ளே வந்து ஃபேன் சுவிட்சைப் போட்டாள்.

தாள் சிதறியது. கை மார்போடு ஒட்டிக்கொண்டது.

ஆதிலட்சுமி ஃபேனை அணைக்கச் சொன்னாள். பிறகு போடச் சொன்னாள். மறுபடி அணைக்கச் சொன்னாள். மூன்று தரமும் கை ஒரே மாதிரி சுருங்கிற்று.

"அன்னிக்கு உங்க பிரஸ்ல ஃபேன் ஓடிச்சா?"

"கரண்டே இல்லீங்கம்மா. மிஷின்ல தாள் போடறப்ப ஃபேன் போடவே கூடாதுன்னு பாய் சட்டமே வெச்சிருக்கார். அது மலைக் காத்து."

ஆதிலட்சுமி திரும்பிச் சரசுவைப் பார்த்தாள். "நீங்களும் அங்கதான வேலை செய்றீங்க? அன்னிக்கு என்ன நடந்தது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா? எதுக்குப் பயப்படறோம்னு தெரிஞ்சாவே பாதி பயம் போயிடும்."

சரசு குனிந்து, சிதறிய தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு இன்னாங்க தெரியும்? நான் மூலைல ஒக்காந்து காயிதம் மடிக்கறவ."

6

இந்தப் பகுதியைத் தனித் தாளில் எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சரசு என்று யாரும் கிடையாது. அது நான் எனக்கு வைத்துக்கொண்ட பேர். என் பேர் ரேணுகாம்பாள். அந்த அச்சகத்தில் இருபது வருஷம் காகிதம் மடித்தேன். கழித்துப் போட்ட தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய், எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

அன்று காலை பசை காயவில்லை. நான் ஒட்டிய உறைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருந்தன. மிஷினுக்குப் பின்னால், என் மூலையில், முக்காலிமேல் ஒரு மேஜை ஃபேன் இருந்தது. பாஞ்சாலை வருவதற்கு முன்னால் அதன் சுவிட்சைப் போட்டேன். ஓடவில்லை. அட, கரண்ட் இல்லையே என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். சுவிட்சை அணைக்கவில்லை. மறந்துபோனேன்.

அவள் தாள் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. விளக்கு எதையும் போட்டுவைத்திருக்கவில்லை; வந்தது அந்த ஃபேனுக்கு மட்டும்தான் தெரிந்தது.

அவ்வளவுதான், கண்ணுங்களா. மலை இல்லை. சாமி இல்லை. மாட்டுவண்டி எந்தப் பக்கம் சுற்றியது என்பதும் இல்லை.

இதுவரைக்கும் சொன்னது மறதி. மறதியை மன்னித்துவிடலாம். அடுத்ததுதான் நான் சொல்ல வந்தது.

அவள் கத்தினாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடி. நான் முதலில் ஓடியது அவளிடம் இல்லை.

சுவிட்சுக்கு.

அணைத்தேன். இறக்கைகள் நிற்கும்வரை கையால் பிடித்து நிறுத்தினேன். அப்புறம்தான் "ஐயோ" என்று கத்திக்கொண்டு அவளிடம் போனேன். பாய் முன்னறையிலிருந்து வந்தபோது ஃபேன் அசையாமல் நின்றிருந்தது. என் விரலில் இறக்கை பட்டு ஒரு கீறல். "உனக்கும் அடி பட்டுச்சா?" என்று அந்த நல்ல மனுஷன் என்னையும் கேட்டார்.

7

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் ஆதிலட்சுமி சொன்னது: "கைக்கு என்னால முடிஞ்சத செஞ்சுட்டேன். கழுத்துக்குத்தான் என்கிட்ட மருந்து இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் பாஞ்சாலை என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கண்ணமங்கலத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். போளூரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஊர் எல்லையில் மலை தெரிந்ததும் அவள் தானாகவே விழித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பஸ் டிக்கெட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

8

ஆடி மாதம் அவள் வேலைக்குத் திரும்பினாள். ஹபீப் பாய் மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா. மடிக்கிற வேல கெடக்குது. ரேணுகா பக்கத்துல ஒக்காந்துக்கோ. அல்லா புண்ணியத்துல கை வந்துதே, அது போதும்."

"மடிச்சிக்கினே ஒக்காந்தா கையும் மடங்கினது மடங்கினதாவே பூடும் பாய். நவுருங்க."

ஒரு துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மிதியில் கால் வைத்தாள். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. வாய் திறந்தது. மூடியது. திறந்தது. மூடியது. அவள் கை போகவில்லை. நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. மிஷின் வெறுமனே திறந்து மூடுகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அது இப்போதும் என் காதில்...

இங்கே முடிவு வர வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவு: ரேணுகாம்பாள் மூலையிலிருந்து எழுந்து வந்து சொல்லிவிடுகிறாள். "அது காத்து இல்ல பாஞ்சால, ஃபேன். நான்தான் போட்டேன்." பாஞ்சாலை துண்டை அவிழ்த்துத் தூக்கி எறிகிறாள். கை தண்ணீர் மாதிரி ஓடுகிறது. (அழகான முடிவு. நடக்கவில்லை.)

இன்னொரு முடிவு: மறுபடி எங்கிருந்தோ ஒரு காற்று. மறுபடி அந்தக் கை. (இதை நான் எழுத மாட்டேன். எழுதினால் நடந்துவிடுமோ என்று பயம். சிரிக்காதீர்கள். இனிமேலும் அவள் அதே மிஷினில்தான் நிற்கப்போகிறாள்.)

மூன்றாவது, நடந்தது: அவள் கை உள்ளே போயிற்று. வெளியே வந்தது. அன்று நாற்பது தாள். ஒரு வாரத்தில் தினம் நூறு. இன்றைக்கும் போடுகிறாள், நிமிஷத்துக்குப் பத்துக்கு மேல் போகாது. ஒவ்வொரு தாளுக்கும் லீவரைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். கத்திரி வெயிலிலும் கழுத்தில் துண்டு. பாய்கூடக் கிண்டல் செய்வார்: "இன்னா பாஞ்சால, நாம காஷ்மீர்லயா கீறோம்?" வேலை திரும்ப வந்தது. அந்தத் தண்ணீர் மட்டும் வரவில்லை.

அதோடு நின்றிருந்தால் நான் எழுதாமலேயே செத்திருப்பேன். ஆனால் அன்றிலிருந்து அவள் ஒரு நாளும் மலையை இடப்பக்கம் வைத்து நடந்ததில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அச்சகத்துக்கு ஆள் வந்தது: அவள் அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று. அம்மா வீடு மலைக்கு வடக்கே, அச்சகத்திலிருந்து அரை மணி நடை. ஆனால் அப்படிப் போனால் மலை இடப்பக்கம் வரும். "அந்தப் பக்கம் வேணாம்" என்று தெற்கே இறங்கி, மேற்கே போய், முழு மலையையும் சுற்றிக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேரும்போது முகத்தில் துணி போட்டிருந்தார்கள்.

அந்த நடையில் ஒவ்வொரு அடியும் என்னுடையது.

9

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. இதைத்தான் அவளுக்கு வாசிக்க வேண்டும். இந்த வாரம் வேறெதுவும் நான் எழுதவில்லை.

ஆறாம் பகுதி தனித் தாளில் இருக்கிறது. அதை அடியில் சொருகிவிட்டு, ஏழையும் எட்டையும் கொஞ்சம் திருத்தி வாசித்தால் ஒரு பெண்ணுக்குக் கைபட்டுக் குணமாகி வேலைக்குத் திரும்பிய கதையாக முடிந்துவிடும். அவள் கேட்டுவிட்டு "நல்லாக்கீதுக்கா" என்பாள்.

வாசித்தால்? அவளுக்குப் பயம் போகும் என்று ஆதிலட்சுமி சொன்னாள். ஆனால் போன வருஷம் தீபத்தன்று, உச்சியில் ஜோதி தெரிந்ததும், பக்கத்தில் நின்ற பெண்களிடம் பாஞ்சாலை கையைக் காட்டிச் சொன்னதை நானும் கேட்டேன்: "அவர் என்னத் தொட்டாரு. அடிச்சாருதான். ஆனா தொட்டாரு இல்ல?" கிரிவலம் வருகிற இத்தனை ஆயிரம் பேரில் தன்னை மட்டும் திரும்பிப் பார்த்த சாமி என்று பதினைந்து வருஷமாக அந்தக் கையை அவள் கும்பிடுகிறாள். நான் வாசித்தால் பயத்தோடு அதுவும் போகும். அம்மாவின் முகமும் இன்னொரு தரம் போகும்.

இவ்வளவுதான் என் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று முதல் பகுதியைத் திருப்பிப் படித்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. நீங்கள் முன்பே பார்த்திருப்பீர்கள். எழுதியவளுக்குத்தான் கடைசியில் தெரிகிறது.

"நீ எழுந்துக்காதக்கா, சுவிச்ச நான் பாத்துக்கறேன்."

வாரா வாரம் அதே வார்த்தை. காகிதம் பறக்கும் என்பதற்காகவா? காற்று பட்டால் கை சுருங்குகிறதே, அதற்காகவா? இல்லை, கை மாட்டிய அந்த நொடியில் வலி தாங்காமல் தலையைத் திருப்பியபோது, பத்தடி தூரத்தில் ஒருத்தி தன்னிடம் வராமல் சுவிட்சுக்கு ஓடியதை அவள் பார்த்தாளா?

பார்த்திருந்தால், அந்தத் துண்டு? அந்த முழு மலைச் சுற்று? மலைக் காற்று என்று அவள் ஆதிலட்சுமியிடம் அடித்துச் சொன்னது யாரைக் காப்பாற்ற?

பார்க்கவில்லை என்றால் நான் நாளைக்கு அவளிடமிருந்து ஒரு சாமியைப் பிடுங்குகிறேன். பார்த்திருந்தாள் என்றால் பதினைந்து வருஷமாக அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எது பயங்கரம் என்று எனக்குத் தெரியவில்லை.

தாள்களை அடுக்கிவிட்டேன். ஆறாவது தாள் மட்டும் வெளியே, மேஜைமேல். அதை மேலே வைப்பதா, அடியில் வைப்பதா என்று என் கைக்குத் தெரியவில்லை. உங்கள் கை நல்ல கை, அடிபடாத கை. நீங்கள் வையுங்கள்.

சீக்கிரம், கண்ணுங்களா. விடிந்தால் அவள் வடக்கு வழியாக, மலையை வலப்பக்கம் வைத்து நடந்து வந்துகொண்டிருப்பாள். உள்ளே வந்து, முறத்தை எடுப்பதற்கு முன்னால், அந்த அடிபட்ட கையால்தான் சுவிட்சை அணைப்பாள்.

எப்போதும் அந்தக் கையால்தான். இதையும் இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.